பெட்டிக்குள் இருந்த குரல்

ஆரணி, காஞ்சிபுரம் பக்கம் பாட்டியின் பட்டுப்புடவை அம்மாவுக்கு, அப்புறம் பேத்திக்கு என்று கைமாறும். அதே காஞ்சியில், ஒரு வீட்டில், பெட்டியிலேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது ஒரு குரல்!

ராஜம்மாள் அருமையாகப் பாடுவார். ஆனால், குடும்பப் பெண் நாலு பேர் முன்னால் பாடுவதா? மூச்! உறவுக்காரர்கள் எதிரில்கூடப் பாட அனுமதி கிடையாது. அந்த அம்மாவுக்கு 1919-ல் பிறந்த மகள்தான் டி.கே.பட்டம்மாள்.

10 வயதில் வானொலி. 13 வயதில், 1932-ல் சென்னை ரசிக ரஞ்சனி சபா மேடை. பிராமண வீட்டுப் பெண் கச்சேரி செய்வதே அதிசயமாக இருந்த காலம் அது. அதிலும் ராகம்-தானம்-பல்லவி ஆண்களின் கோட்டை. கணக்கு கொஞ்சம் பிசகினாலும் தாளம் காலை வாரிவிடும். பட்டம்மாள் அங்கேயும் புகுந்து விளையாட, 'பல்லவி பட்டம்மாள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1970-ல் சங்கீத கலாநிதி, 1998-ல் பத்ம விபூஷண்!

வீட்டில் அவர் பாட்டு வாத்தியார். மருமகள் லலிதா சிவகுமார் சிஷ்யை. பேத்தி நித்யஸ்ரீ மகாதேவனும் சிஷ்யை. 2009 ஜூலை 16-ல், 90 வயதில் பாட்டி கண்மூடியபோது, பேத்தி ஊரறிந்த பாடகி. 'பொம்பளை மேடையேறலாமா?' என்று கேட்க அப்போது ஆளில்லை.

சொந்தக்காரர் முன்னால்கூட வாய் திறக்க முடியாத ஓர் அம்மா... சபா சபாவாகப் பாடும் அவருடைய கொள்ளுப்பேத்தி. நடுவே இருந்தது, ஒரே ஒரு பெண்ணின் ஆயுள்தான்!