மார்கழியில் படித்தது

சென்ற மார்கழி மாதம் முழுவதும் நான் ஒரு வரி கூடக் கதை எழுதவில்லை. கேட்டவர்களிடம், "உடம்பு சற்று சரியில்லை" என்று சொல்லி வந்தேன். உடம்பு சரியில்லை என்றால் யாரும் நம்பிவிடுகிறார்கள். "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னால்தான் ஆபத்து. "ஐயோ பாவம், மனுஷனுக்குச் சரக்குத் தீர்ந்து போய்விட்டது" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள்.

உண்மையில் படித்துக்கொண்டுதான் இருந்தேன். விடியற்காலம் ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன். என் மனைவி வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிப்பதற்குள் முப்பது பக்கமாவது ஓடிவிடும். இரவு படுக்கப் போகுமுன், அன்று படித்ததைப் பற்றி ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாலைந்து வரி எழுதி வைப்பேன். மாதம் முடிந்தபோது சில பக்கம் சேர்ந்திருந்தது. அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பித்த நோக்கம் அப்படியொன்றும் உயர்ந்ததல்ல. 1748-ல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் போஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டதும், கைகூடாமல் திரும்பிப் போனதும் நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த முற்றுகையின் நடுவே ஒரு வீரன், ஓர் அழகி, ஒரு சுரங்க வழி, நள்ளிரவில் ஒரு குதிரை — இவ்வளவும் என் மனத்தில் தயாராக இருந்தன. சரித்திரம் ஒன்றுதான் பாக்கி. அதைத் தேடித்தான் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்தேன். (பிரபஞ்சன் இதே நாட்குறிப்பை ஆதாரமாக வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்கள் எழுதி, பின்னதற்கு 1995-ல் சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றுவிட்டார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆசைக்கு வெட்கம் ஏது?)

பிள்ளையவர்கள் 1709-ல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். சிறு வயதில் புதுச்சேரிக்குப் போய், பிரெஞ்சுக் கும்பெனி வியாபாரத்தில் புகுந்து, கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக உயர்ந்தவர். சொந்தத்தில் கப்பல் விட்டவர். 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி, அதாவது நள வருஷம் ஆவணி மாதத்தில், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் நாள்தோறும் எழுதி வைப்பது என்று தொடங்கினார். சாகும் காலம் வரை, இருபத்து நாலு வருஷத்துக்கு மேலாக, கணக்குப் புத்தகங்களில் எழுதிக்கொண்டே இருந்தார். தமிழ் மூலத்தையும், 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னை அரசாங்கம் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். முழுவதும் படித்தேன் என்றால் பொய். ஒரு மார்கழியில் முடிகிற காரியமில்லை அது.

முதல் சில நாட்கள் எனக்கு ஒரே சலிப்பு. கப்பல் வந்தது, கப்பல் போனது, இத்தனை பீரங்கி போட்டார்கள், துரை சந்தோஷமாக இருந்தார், துரை முகம் கொடுத்துப் பேசவில்லை. போதாக்குறைக்கு, தம்மைப் பிறர் புகழ்ந்ததையெல்லாம் மனுஷர் ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறார். ஜோசியன் நல்ல காலம் வருகிறது என்று சொன்னால் அதற்கும் இடம் உண்டு. மூன்றாம் நாள் என் நோட்டில் எழுதியிருக்கிறேன்: "பெரிய மனிதர். தம்மைப் பெரிய மனிதர் என்று அறிந்த பெரிய மனிதர். குதிரை ஒன்றையும் காணோம்."

பிறகு 1743-ஆம் வருஷத்துக்கு வந்தேன். ஏழை ஜனங்களை ஏமாற்றிப் பிடித்து, அடைத்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றி அனுப்பிய ஒரு கூட்டத்தின் கதை அங்கே வருகிறது. பிடிபட்டவர்கள் எப்படி வசப்படுத்தப்பட்டார்கள், எங்கே வைக்கப்பட்டார்கள், விஷயம் எப்படி வெளியே வந்தது என்றெல்லாம் பிள்ளை எழுதுகிறார். கோபப்பட்டோ கண்ணீர் விட்டோ எழுதவில்லை. கப்பல் சரக்கைப் பற்றி எழுதுகிற அதே கையால் எழுதுகிறார். எனக்குத்தான் காப்பி ஆறிப் போய்விட்டது.

ஆனால் என்னை அடியோடு மாற்றியது 1748 செப்டம்பர்.

நான் கதை கட்ட நினைத்திருந்த முற்றுகை அது. அந்த முற்றுகையின்போதுதான் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. கோயில் யேசு சபைப் பாதிரிமாரின் தேவாலயத்தை ஒட்டி இருந்தது. அதை அகற்றிவிட வேண்டும் என்ற முயற்சி வெகு நாளாகவே நடந்து வந்தது. டூப்ளேயின் மனைவியும் அதில் முனைந்து நின்றார். சண்டைக் காலம் அவர்களுக்குச் சௌகரியமாகப் போயிற்று. ஊரார் பிள்ளையிடம் வந்தார்கள். வேறு யாரிடம் போவார்கள்? கவர்னருக்கு அடுத்தபடி தமிழர் நடுவில் பெரிய தலை அவர்தான். அவரோ, இனி இதைத் தடுக்க வழியில்லை, விக்கிரகங்களையாவது வேறு கோயிலுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று யோசனை சொல்லி அனுப்பினார். கோயில் இடிந்தது. அவர் வீட்டுக்கு வந்து, நடந்ததை எல்லாம் எழுதி, தாம் பட்ட வேதனையையும் எழுதினார்.

கோழை என்று சொல்லிவிடலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. என் நாவலில் வரவேண்டிய வீரன் அந்த இடத்தில் இருந்திருந்தால் வாளை உருவியிருப்பான். ஒரு முழு அத்தியாயம் கிடைத்திருக்கும். ஆனால் இரண்டு நாள் அந்தப் பக்கங்களிலேயே உட்கார்ந்திருந்தேன். யோசிக்க யோசிக்க ஒன்று புலப்பட்டது. தம்மைப் பற்றிய புகழ்ச்சியை விடாமல் எழுதி வைக்கிற இந்த மனுஷருக்கு, அன்றைய சம்பவத்தைத் தமக்குச் சாதகமாகத் திருப்பி எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கவர்னரிடம் இப்படிக் கேட்டேன், அப்படி வாதாடினேன் என்று இரண்டு வரி சேர்த்திருந்தால் இன்று மறுக்க யார் இருக்கிறார்கள்? பேசாமல் விட்டிருந்தால் கூட யாருக்குத் தெரியும்? ஊரார் தம்மிடம் வந்ததையும், தம்மால் முடியாமல் போனதையும் எழுதி வைத்துவிட்டுப் படுக்கப் போயிருக்கிறார். தூக்கம் வந்ததோ என்னவோ.

அன்றிரவு என் வீரன் குதிரையை விட்டு இறங்கினான். இன்னும் ஏறவில்லை.

பிள்ளை 1761 ஜனவரியில் இறந்தார். அதே மாதம் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. கோட்டையையும் நகரத்தையும் அவர்கள் தரைமட்டமாக்கினார்கள். அந்த அமளியில் கணக்குப் புத்தகங்கள் எப்படிப் பிழைத்தன என்பதே ஆச்சரியம். எண்பத்தைந்து வருஷம் குடும்பத்தார் வசம் கிடந்தவற்றை, 1846-ல் கல்லுவா மோன்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துப் படி எடுக்கச் செய்தார். ஏரியல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் எடுத்த படி பாரிஸ் நகரத்து தேசிய நூலகத்துக்குப் போயிற்று. சென்னையில் இருந்த ஆங்கில அதிகாரிகளுக்கு 1892-ல்தான் இப்படி ஒன்று இருப்பது தெரிந்தது. இதற்குள் சில பகுதிகள் தொலைந்து போயின. படித்துக்கொண்டே போகும்போது திடீரென்று மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. அந்த இடங்களில் எனக்கு மாடிப்படியில் ஒரு படி இல்லாமல் கால் வைத்தாற்போல் இருந்தது.

எல்லோரும் பிள்ளையை 'இந்தியாவின் பீப்ஸ்' என்கிறார்களே, அந்தப் பீப்ஸையும் பார்த்துவிடலாம் என்று மாதத்தின் நடுவில் சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பை எடுத்தேன். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1660 ஜனவரி முதல் தேதி தொடங்கி 1669 மே 31 வரை எழுதினார். கண் போய்விடும் என்ற பயத்தில் நிறுத்திக்கொண்டார். கண் போகவில்லை; அதற்குப் பிறகு முப்பத்து நாலு வருஷம் உயிரோடும் இருந்தார். ஆனாலும் நாட்குறிப்பை மறுபடி அந்த மாதிரி எழுதவில்லை. 1666-ல் லண்டன் பற்றி எரிந்தபோது தோட்டத்தில் குழி தோண்டித் தம்முடைய ஒயினையும், இத்தாலிய நாட்டுப் பாலாடைக் கட்டியையும் புதைத்து வைத்த மனிதர் இவர். இதைப் படித்தபோது அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

அவருடைய மூவாயிரம் புத்தகங்களும், ஒன்று கூடாமலும் குறையாமலும் வைத்துக் காக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு, 1724-ல் கேம்பிரிட்ஜில் உள்ள மாக்டலின் கல்லூரிக்கு வந்து சேர்ந்தன. நாட்குறிப்பின் ஆறு தொகுதிகளும் அதில் அடக்கம். அவை சுருக்கெழுத்தில் இருந்தன. 1819-ல் ஜான் ஸ்மித் என்ற ஏழை மாணவர் அதைப் படித்து எழுதித் தரும் வேலையை ஏற்றுக்கொண்டு, ஏறக்குறைய மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார். அந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் அதே நூலகத்தில், பீப்ஸின் அலமாரியிலேயே இருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. 1825-ல் நாட்குறிப்பின் ஒரு பகுதி அச்சில் வந்தபோது புகழெல்லாம் பதிப்பித்த பிரபுவுக்குப் போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். உலகம் எங்கேயும் ஒரே மாதிரிதான்.

மார்கழி இருபதுக்கு மேல், மனம் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஐயரவர்களின் 'என் சரித்திரம்' புத்தகத்தை எடுத்தேன். எத்தனையாவது தடவையோ தெரியாது. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போன இடம் வந்தது. கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பில் ஆகுதியாகப் போட்டுவிட்டோம், அதுதான் சாஸ்திரம் என்று அங்கே சொல்லக் கேட்டு ஐயரவர்கள் பதறுகிறார். முன்பெல்லாம் இந்த இடத்தில் எனக்கும் கோபம் வரும். இந்தத் தடவை புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் தகப்பனார் கும்பகோணத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். இரவு கடையைக் கட்டி, சிட்டாவைப் பார்த்துப் பேரேட்டில் பதிந்து முடித்த பிறகு, தனியாக ஒரு நோட்டை எடுத்து ஐந்தாறு வரி எழுதுவார். அன்று மழை பெய்ததா, காவிரியில் தண்ணீர் வந்ததா, துவரம்பருப்பு என்ன விலை, யார் கடன் சொல்லிப் போனார்கள், யார் வீட்டில் என்ன விசேஷம். 1971-ல் அவர் காலமானபோது முப்பத்தொரு நோட்டுகள் பரணில் இருந்தன. அந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. அதற்கு மறு வருஷம் போகிக்கு வீட்டை ஒழித்தோம்.

அப்போது என் கதைகள் இரண்டு பத்திரிகையில் வந்திருந்தன. இலக்கியம் என்றால் என்ன என்பது முழுக்கத் தெரிந்துவிட்ட வயது. ஒரு நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். பருப்பு விலை. இன்னொன்றைப் பிரித்தேன். மழை.

"நாலு நோட்டாவது எடுத்து வையேண்டா" என்றாள் அம்மா.

"இதுல என்னம்மா இருக்கு? பருப்பு விலைதானே!" என்றேன்.

தைத்த நோட்டு லேசில் எரியாது. குச்சியால் கிளறிக் கிளறி விட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பக்கமாகச் சுருண்டு நிமிரும்போது, எரிவதற்கு முன்னால் அப்பாவின் எழுத்து ஒரு நிமிஷம் நன்றாகத் தெரியும்.

புத்தகத்தை மூடிய அன்று கும்பகோணத்தில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்து ஏதேதோ பேசிவிட்டுக் கடைசியில் கேட்டேன். "ஒண்ணு இருக்குடா" என்றாள் அக்கா. "அப்பா நோட்டுன்னு இல்லே. அம்மா பால் கணக்கு எழுதினதுன்னு நான் எடுத்து வெச்சேன்." போகிக்கு மூன்று நாள் இருக்கையில் பார்சலில் வந்து சேர்ந்தது. மாதத்தின் கடைசிப் படிப்பு அதுதான்.

1958-ஆம் வருஷத்து நோட்டு. நயா பைசா வந்து ஒரு வருஷம் ஆகியும் அப்பா அணாவிலேயே எழுதியிருக்கிறார். பருப்பு விலை இருக்கிறது. மழை இருக்கிறது. எனக்கு அம்மை போட்டியிருந்ததும், கடைப் பையன் சொல்லாமல் ஓடிப் போனதும், மூன்றாம் நாள் திரும்பி வந்ததும் இருக்கின்றன. அம்மா நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பால் கணக்கு எழுதிக்கொண்டே வந்ததால், அப்பாவுக்கு இடம் போதாமல் ஆடி மாதத்தோடு முடிந்துவிடுகிறது.

கடைசிக் குறிப்பு ஆறு வரி. ஆற்றில் புது வெள்ளம். கடையில் வியாபாரம் மத்திமம். சாயங்காலம் தெருக்கோடி வீட்டு அம்மாள் இரண்டு படி அரிசி கடனாகக் கேட்டு வந்தாள். பழைய பாக்கி நிற்கிறது என்று இல்லையென்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போனாள். கொடுத்திருக்கலாம், காலையில் பார்க்க வேண்டும்.

அதற்குக் கீழே அம்மாவின் பால் கணக்கு. காலையில் அப்பா அவளைப் பார்த்தாரா, அரிசி கொடுத்தாரா என்பது அடுத்த நோட்டில் இருந்திருக்கும்.