எண்பதாம் துறை: கணினி வரலாற்றில் எழுதப்படாத உடன்பாடொன்று

தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் புத்தாக்கங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. புதிய பொறி எப்போது தோன்றியது, அதனை ஆக்கியவர் யார் என்னும் வினாக்களுக்கே அதில் முதலிடம். ஒருவர் ஆக்கிய பொறியும் வேறொருவர் எழுதிய நிரலும் எந்த உடன்பாட்டின் பேரில் இணைந்து இயங்குகின்றன என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அவ்வுடன்பாடு குலையும்போதுதான் அப்படியொன்று இருந்தமையே நமக்குத் தெரியவருகின்றது. தனியாள் கணினியின் ‘எண்பதாம் துறை’ இதற்குத் தக்க சான்றாகும். அதன் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

கணினியின் செயலி தன்னைச் சூழவுள்ள கருவிகளோடு தொடர்புகொள்ளும் வாயில்களைத் துறைகள் என்பர். ஒவ்வொரு துறைக்கும் ஓர் இலக்கம் உண்டு. நாம் கருதும் துறை பதினறும எண்முறையில் 80 என்னும் இலக்கமுடையது. தசம முறையில் இது 128 ஆகும். ஐ.பி.எம். நிறுவனம் 1984 இல் வெளியிட்ட ‘ஏ.டி.’ வகைக் கணினியில் இத்துறைக்குரிய பதிவகம் நினைவகப் பரிமாற்றத்துக்கான தொகுதியொன்றின் உறுப்பாக இருந்தபோதும், அதற்கென வேலை எதுவும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. எனவே, கணினியை இயக்கியதும் அதன் உறுப்புகளைச் சோதிக்கும் ‘பயோஸ்’ நிரல், சோதனையின் ஒவ்வொரு படியிலும் ஓர் எண்ணை இத்துறைக்கு அனுப்பலாயிற்று. திரையே ஒளிராத கணினியிலும், ஈரிலக்கம் காட்டும் சிறிய அட்டையொன்றைச் செருகினால், சோதனை எப்படியில் நின்றுபோயிற்று என்பதைப் பழுதுபார்ப்பவர் கண்டுகொள்ளலாம். ஐ.பி.எம். இந்நிரலைத் தனது தொழில்நுட்பக் கைநூலில் அச்சிட்டிருந்தமையால் வழக்கம் வெளிப்படையாயிற்று. ஒத்தியங்கு கணினிகளை ஆக்கிய பிறர் பலரும் அதனைப் பின்பற்றினர்.

இதே துறைக்கு இரண்டாவது பயனொன்றும் ஏற்பட்டது. பழைய கடிகாரச் சில்லுகளும் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்திகளும் அடுத்தடுத்து வரும் கட்டளைகளுக்கிடையே சிறிது ஓய்வை வேண்டிநின்றன. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் ஹெல்சிங்கியில் ஆரம்பித்த லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை, இவ்வோய்வைத் தருவதற்கு முதலில் இரண்டு குறுந் தாவற் கட்டளைகளைக் கையாண்டது. செயலியின் வேகம் கூடக்கூட அத்தாவல்கள் எடுக்கும் நேரம் குறுகிற்று. பயனற்ற துறையொன்றுக்கு எதையேனும் எழுதினால், வேகமான செயலியும் மெதுவான வெளிப்பாட்டையின் வேகத்துக்குக் கட்டுப்பட்டு ஏறத்தாழ ஒரு மைக்ரோ செக்கன் காத்திருக்கும். ஜேம்ஸ் வான் ஆர்ட்ஸ்டேலன் வழங்கிய இத்தீர்வு நிரலில் இடம்பெற்றது. தெரிவுசெய்யப்பட்ட துறை 80 ஆகும். அதனைப் பயன்படுத்துவதில் தமக்குச் சிறிது அச்சம் உண்டு என்றும், எனினும் பாதகம் நேராது என்றே கருதுவதாகவும் டோர்வால்ட்ஸ் நிரலின் குறிப்பிலேயே எழுதிவைத்தார். இக்குறிப்பு மனங்கொள்ளத்தக்கது. துறை வெறுமையானது என்பதற்கு எவரும் உறுதியளித்திருக்கவில்லை; எவரும் உரிமை கோராமையே அதற்கு ஆதாரமாக இருந்தது.

அவ்வாதாரம் 2007 இல் ஆட்டங்கண்டது. எச்.பி. நிறுவனப் பெயருடன் விற்கப்பட்ட பெவிலியன் டிவி 9000 வரிசையைச் சேர்ந்த மடிக்கணினி முதலிய சிலவற்றில், லினக்ஸ் எண்பதாம் துறைக்கு எழுதும்போது இயந்திரம் முற்றாக உறைந்துவிட்டது. கணினியின் கடிகாரத்தைப் படிக்கும் சாதாரணக் கட்டளையொன்றே அதற்குப் போதுமாயிருந்தது. டேவிட் பி. ரீட் இச்சிக்கலைத் தம் கணினியில் ஆராய்ந்து லினக்ஸ் ஆக்குநரிடம் முன்வைத்தார்.

துறைக்கு எழுதாமல், நேரத்தை எண்ணிக் காத்திருந்தால் என்ன என்று கேட்கலாம். ஆனால் எண்ணிக் காத்திருப்பதற்குச் செயலியின் வேகத்தை முதலில் அளந்தாக வேண்டும். அளப்பதற்கு உதவும் கடிகாரச் சில்லோ, ஓய்வை வேண்டிநின்ற பழைய கருவிகளுள் ஒன்று. ஆகவே, ரெனே ஹெர்மன் எழுதிய திருத்தம், சிக்கலுக்குரிய கணினிகளில் மட்டும் தசம முறையில் 237 ஆம் இலக்கமுடைய வேறொரு துறையை நாடியது. அத்துறை பொருந்துகின்றது என்பது ரீட் தம் கணினியில் இயக்கிப் பார்த்தமையால் உறுதிப்பட்டது. 2008 ஏப்ரலில் வெளியான லினக்ஸ் 2.6.25 ஆம் பதிப்பில் இத்திருத்தம் அமைந்தது. பழைய துறை, மாற்றுத் துறை, நேரம் எண்ணல், ஓய்வின்மை என்னும் நான்கினுள் ஒன்றைப் பயனாளர் தெரிவுசெய்யவும் இடமளிக்கப்பட்டது.

இத்திருத்தத்திலுள்ள அட்டவணை வரலாற்று மாணவர் கவனத்துக்குரியது. சிக்கலுக்குரிய கணினிகள் அதில் தாய்ப்பலகையை ஆக்கியவர் பெயரால் அடையாளங் காணப்பட்டன. அப்பெயர் தைவானைச் சேர்ந்த குவாண்டா என்பதாகும். வெளியுறையில் விற்பவர் பெயர், உள்ளே ஆக்கியவர் பெயர். உலகளாவிய உற்பத்திப் பிரிவினை சந்தையில் மறைத்துவைத்த உறவை, பழுதொன்றைத் தீர்க்க எழுந்த பட்டியல் வெளிப்படுத்திவிட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் லினக்ஸின் ‘கே.வி.எம்.’ பகுதி, இன்ரெல் செயலிகளில், விருந்தினர் நிரல் எண்பதாம் துறையை நேரடியாக அணுக அனுமதித்திருந்தது. விருந்தினர் நிரல் அத்துறைக்கு ஓயாது எழுதுவதன் மூலம் அனைவருக்கும் பொதுவான கணினியையே வீழ்த்தலாம் என்பது 2017 இல் அறியப்பட்டு, அவ்வழி அடைக்கப்பட்டது. வெற்றிடம் எனக் கருதப்பட்டது இரண்டாம் முறையும் வெற்றிடமாக இருக்கவில்லை.

நோயறி துறையைத் தம் தேவைக்கு எடுத்துக்கொண்ட லினக்ஸ் ஆக்குநரே தவறிழைத்தவர் என வாதிக்கலாம். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், 1984 இல் கைநூலைப் படித்த எவரும் அறியக்கூடியதாயிருந்த இயல்பை, 2007 இல் இயந்திரத்தை உறையவைத்தே அறிய நேர்ந்தமை தனியொருவரின் தவறாகாது. பொருத்தப்பாடு என்பது பொறியில் உறையும் பண்பு அன்று. ஆக்குவோரிடையே நிலவும் சமூக உறவு அது. அவ்வுறவு எழுத்தில் இல்லாதபோது அதன் முறிவுக்குரிய விலையைச் செலுத்துபவர், உடன்பாட்டில் பங்குகொள்ளாத பயனாளரே. வன்பொருளின் இயல்புகள் பொது ஆவணமாக வேண்டும் என்னும் கோரிக்கையை நாம் இந்நிலைப்பாட்டிலிருந்தே மதிப்பிடுதல் வேண்டும்.