மசூலாப் படகு

மசூலாப் படகு என்பது இந்தியாவின் கிழக்குக் கரையில், குறிப்பாகச் சோழமண்டலக் கடற்கரையில் பயன்பாட்டில் இருந்த ஒரு தையல் படகு வகை ஆகும். இதன் பலகைகள் ஆணிகளால் அல்லாமல் தென்னை நாரால் திரித்த கயிற்றினால் ஒன்றோடொன்று தைக்கப்பட்டிருக்கும். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் சலங்கு என்னும் தமிழ்ச் சொல்லைத் திரித்து இதனைச் செலிங்கு என்று அழைத்தனர்.

அமைப்பு

இப்படகு உயர்ந்த பக்கங்களும் தட்டையான அடிப்பகுதியும் கொண்டது. உட்புறத்தில் விலாச் சட்டங்கள் கிடையாது. கரையோரத்தில் அலை உடையும்போது படகு மணலில் மோதும். அவ்வேளையில் ஆணி அடித்த விறைப்பான படகின் மூட்டுகள் பிளவுபடக்கூடும். தைத்த படகோ சற்று நெகிழ்ந்து கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். தையல் வழியே கசியும் நீரை அவ்வப்போது இறைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கயிறு தேய்தலும் மாற்றுதலும்

இரும்பைப் போல் தென்னங்கயிறு உப்புநீரில் துருப்பிடிப்பதில்லை. எனினும் துளைகளின் விளிம்பில் உராய்வதாலும், கரையில் இழுக்கும்போது மணலில் தேய்வதாலும், மாறி மாறி நனைந்து உலர்வதாலும் அது வலுவிழக்கிறது. ஒரிடத்தில் கயிறு அறுந்தால் அதையடுத்த தையல்களும் தளர்ந்து, பலகைகள் விலகும். எனவே தையலைக் காலமுறைப்படி புதுப்பிப்பது உயிர்காப்புக்கு இன்றியமையாதது.

புதுப்பிக்கும்போது பழைய கயிறு வெட்டி எடுக்கப்பட்டுப் பலகைகள் பிரிக்கப்படும். பழுதான பலகை மட்டும் மாற்றப்படும். நல்லவை மீண்டும் பயன்படும். பின்னர் பலகைகள் விளிம்போடு விளிம்பாகப் பொருத்தப்பட்டு, இணைப்பின் மேல் நார் அல்லது வைக்கோல் திணிப்பு வைக்கப்படும். அதன் குறுக்கே புதிய கயிறு துளைகள் வழியாகக் கோக்கப்பட்டு இறுக்கித் தைக்கப்படும். நெகிழ்வாகத் தைத்தால் நீர் புகும் என்பதால் இறுக்கம் முதன்மையானது.

சென்னையில் பயன்பாடு

சென்னையில் துறைமுகம் அமையும் முன்னர் கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டன. பயணிகளும் சரக்குகளும் மசூலாப் படகுகளிலேயே அலைகளைக் கடந்து கரை சேர்ந்தனர். தண்டேல் எனப்படும் தலைவரின் கீழ் துடுப்புக்காரர்கள் பணியாற்றினர். படகு கவிழ்ந்தால் நீரில் வீழ்ந்தோரை மீட்கக் கட்டுமரக்காரர்கள் உடன் செல்வதும் உண்டு.

1861 இல் கடலுள் நீண்ட இறங்குபாலம் கட்டப்பட்டது. 1875 இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881 ஆம் ஆண்டுப் புயல் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தபோதிலும் பணிகள் தொடர்ந்தன. கப்பல்கள் துறைமுகத்துக்குள் வரத் தொடங்கியதும் இப்படகுகளின் தேவை குறைந்தது.

இன்றைய நிலை

பிற்காலத்தில் கண்ணாடியிழைப் படகுகள் இக்கரையில் பெருகின. தையல் நுட்பம் தெரிந்த கைவினைஞர்கள் இன்று மிகச் சிலரே. 2025 மே மாதத்தில் இந்தியக் கடற்படை கார்வாரில் சேர்த்துக்கொண்ட கௌண்டின்யா என்னும் பாய்மரக் கப்பல், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைக்கும் மரபு முறையில் கேரளக் கைவினைஞர்களால் கட்டப்பட்டதாகும்.