கேமரன் மலையில் கடலை மிட்டாய்: பாகு பதம் தவறாமல் செய்வது எப்படி?

கடலையும் வெல்லமும் இருந்தால் கடலை மிட்டாய் செய்துவிடலாம் என்பார்கள். கேமரன் மலையில் அது அவ்வளவு சுலபமாகக் கைகூடுவதில்லை. ஈப்போவிலோ கிள்ளானிலோ மொறுமொறுவென்று வரும் அதே செய்முறை, தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் கசந்து போகலாம். இல்லையென்றால் மறுநாளே பல்லில் ஒட்டலாம். இதைக் கைப்பக்குவக் குறை என்று நினைக்க வேண்டியதில்லை. மலையின் உயரமும் காற்றின் ஈரமும்தான் பெரும்பாலும் காரணம். இவ்விரண்டையும் புரிந்துகொண்டால் லயத்து வீட்டு அடுப்பிலும் நல்ல மிட்டாய் எடுக்கலாம்.

கோவில்பட்டியும் புந்தோங்கும்

கடலை மிட்டாய் என்றதும் நினைவுக்கு வரும் ஊர் தமிழ்நாட்டின் கோவில்பட்டி. கரிசல் மண்ணில் விளையும் நிலக்கடலையும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் அவ்வூர் மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வட இந்தியாவில் இதையே ‘சிக்கி’ என்கிறார்கள். நம் நாட்டில், ஈப்போ புந்தோங்கில் உள்ள கச்சாங் பூத்தே கிராமம் முறுக்கு, கடலை வகைகளுக்குப் பேர் பெற்றது. கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்தவர்களே அங்கு இந்தத் தொழிலை வேரூன்றச் செய்தனர்.

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டில் போ தேயிலை நிறுவனமும் 1933ஆம் ஆண்டில் பாரத் தேயிலை நிறுவனமும் தோன்றின. கொழுந்து பறிக்க வந்த தமிழ்க் குடும்பங்களோடு ஊர்ப் பலகாரங்களும் மலையேறின. ஆனால் அந்தச் செய்முறைகள் யாவும் சமவெளியில் பிறந்தவை.

உயரம் செய்யும் வேலை

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை 1 பாகை இறங்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள பிரிஞ்சாங்கில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். சற்றுத் தாழ்வான ரிங்லெட்டில் இந்த வேறுபாடு கொஞ்சம் குறையும்.

பாகுக்கும் இதே கணக்குதான். கடலை மிட்டாய்க்கு வேண்டிய கெட்டிப் பாகு, சமவெளியில் 146 முதல் 154 பாகைக்குள் அமையும். மலையில் அதே பதம் சுமார் 5 பாகை முன்னதாகவே வந்துவிடும். புத்தகத்தில் உள்ள எண்ணை நம்பிக் காத்திருந்தால் பாகு பதம் தாண்டிக் கருகும். வெல்லம் சீனியைவிட விரைவில் கருகக்கூடியது என்பதால் கசப்பும் சீக்கிரம் ஏறும்.

வெப்பமானி வைத்திருப்பவர்கள் முதலில் அதைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்துப் பார்க்க வேண்டும். 100 பாகைக்கு எவ்வளவு குறைகிறதோ, அதைச் செய்முறையில் சொன்ன எண்ணிலிருந்து கழித்துக்கொள்ளலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் கவலையில்லை. பாட்டிமார் செய்யும் தண்ணீர்ச் சோதனை எந்த உயரத்திலும் பொய்க்காது. அது பாகின் சூட்டைப் பார்ப்பதில்லை. ஆறிய பிறகு பாகு எவ்வளவு கெட்டிப்படும் என்பதைப் பார்க்கிறது.

கடலையைப் பார்த்து வாங்குங்கள்

சந்தையில் ‘கச்சாங் தானா’ என்று கேட்டால் பச்சைக் கடலை கிடைக்கும். சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சை பிடித்த பருப்புகளைப் பொறுக்கி எறிய வேண்டும். காறல் வாடை அடித்தால் முழுவதையும் கொட்டிவிடுவது நல்லது. ஈரமான இடத்தில் வைத்த கடலையில் வளரும் ஒரு வகைப் பூஞ்சை, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுமையாக அழியாது. 1988ஆம் ஆண்டில் பேராக்கில் 13 பிள்ளைகள் உயிரிழந்த சம்பவத்தில், அவர்கள் சாப்பிட்ட அரிசி மீயில் இந்த நஞ்சு கலந்திருந்தது கண்டறியப்பட்டது. நாலு வெள்ளிக் கடலைக்காக யோசிக்கக் கூடாது.

தேவையானவை

வறுத்துத் தோல் நீக்கிய கடலை – 250 கிராம்
வெல்லம் – 200 கிராம்
தண்ணீர் – 60 மில்லி
நெய் – 1 தேக்கரண்டி
சுக்குப் பொடி – அரைத் தேக்கரண்டி
ஏலக்காய் – 2

செய்முறை

1. அடி கனமான சட்டியில், சிறு தீயில், கைவிடாமல் கடலையை வறுக்கவும். தோல் வெடித்து, உள்ளே இளம் பொன்னிறம் வந்ததும் இறக்கி, ஆறியபின் தேய்த்துத் தோலைப் புடைத்துவிடவும். பருப்பு பாதியாக உடைந்தால் பாகு நன்றாகப் பிடிக்கும்.

2. ஒரு தட்டிலும் பூரிக்கட்டையிலும் நெய் தடவி வைக்கவும். மலைக் குளிரில் ஜில்லென்ற தட்டில் கொட்டினால் பாகு பரவுமுன்பே இறுகிவிடும். தட்டையும் கடலையையும் லேசாகச் சூடாக்கி வைத்துக்கொள்வது நல்லது.

3. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பில் ஏற்றவும். நடுத்தரத் தீயில் நுரைத்துக் கொதிக்கும். நுரை அடங்கிக் குமிழ்கள் சிறுத்துப் பாகு பளபளக்கத் தொடங்கியதும் தீயைக் குறைக்கவும்.

4. ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாகு விடவும். உருட்ட வந்தால் அது உருட்டுப் பதம், இன்னும் போதாது. வளைந்தாலும் போதாது. எடுத்து ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும், தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஓசை வர வேண்டும். அரை நிமிடத்திற்கு ஒருமுறை சோதிக்கவும். சோதிக்கும்போது சட்டியைத் தீயிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லையேல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதம் தாண்டிவிடும்.

5. பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, நெய், சுக்கு, பொடித்த ஏலக்காய், கடலை எல்லாவற்றையும் கொட்டி வேகமாகக் கிளறவும். தட்டில் கொட்டிக் கட்டையால் சமமாகத் தேய்த்து, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போடவும். ஆறியபின் ஒடித்துக்கொள்ளலாம்.

காற்றின் ஈரம்

வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. கேமரன் மலையில் மழை அதிகம் பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் பெரும்பாலும் தீபாவளியும் வருகிறது. எனவே பனிமூட்டம் இறங்கும் மாலையை விட்டு, வெயில் தெரியும் நேரத்தில் மிட்டாய் போடுவது நல்லது. சன்னலை மூடிக்கொண்டு வேறு அடுப்பில் தண்ணீர் கொதிக்கவிடக் கூடாது.

முழுதாக ஆறியதும், இரவு முழுக்கத் திறந்து வைக்காமல், உடனே காற்றுப் புகாத டின்னில் அடுக்க வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே எண்ணெய்த்தாள் போடலாம். குளிர்ப்பெட்டியில் வைக்கக் கூடாது. வெளியே எடுத்ததும் மேலே நீர் கோத்து ஒட்டும். பெரிய டின் ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய டின்களில் பிரித்து வைத்தால், ஒன்றைத் திறந்தாலும் மற்றவை மொறுமொறுப்பாக இருக்கும். கூலா மெலாக்கா சேர்த்தால் மணமாக இருக்கும். ஆனால் அதன் ஈரப்பசை காரணமாக மிட்டாய் இன்னும் விரைவில் இளகும்.

தவறினால் என்ன செய்வது?

• பல்லில் ஒட்டினால், பாகு பதம் வரவில்லை. துண்டுகளைச் சட்டியில் போட்டுச் சிறு தீயில் உருக்கி, பதம் பார்த்து மறுபடி ஊற்றலாம்.
• கசந்தால், பாகு கருகிவிட்டது. இதைத் திருத்த முடியாது.
• உதிர்ந்தால், கடலை அதிகம் அல்லது பாகு ஆறியபின் கடலை சேர்க்கப்பட்டுள்ளது.
• ஒட்டாமல் இருந்து மறுநாள் ஒட்டினால், பாகில் குறையில்லை, ஈரம் புகுந்துவிட்டது.

பிள்ளைகள் அருகில் இருந்தால்

கொதிக்கும் பாகு தண்ணீரைவிட மிகுந்த சூடு. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். பாகு காய்ச்சும் நேரத்தில் பிள்ளைகளை அடுப்படியில் விடக் கூடாது. மேலே பட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஒட்டிய பாகைப் பிய்த்து எடுக்கக் கூடாது. பற்பசை, கிச்சாப், நெய் எதையும் தடவக் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டிருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோட்டத்திலிருந்து மருத்துவமனைக்கு நேரம் பிடிக்கும் என்பதால், அந்த 20 நிமிட முதலுதவி மிக முக்கியம்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கடலை தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. அவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பும்போது, கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வெல்லமும் சீனியைப் போலத்தான். ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முதன்முறை செய்பவர்கள் இங்குச் சொன்ன அளவில் பாதியை மட்டும் செய்து பார்க்கலாம். அளவு குறைந்தால் பாகு சீக்கிரம் பதத்திற்கு வரும் என்பதால், தண்ணீர்ச் சோதனையைச் சற்று முன்னதாகவே தொடங்க வேண்டும்.