வீட்டு ஆக்சிசன் சிகிச்சை

வீட்டு ஆக்சிசன் சிகிச்சை என்பது, குருதியில் ஆக்சிசன் அளவு நிலையாகக் குறைந்துள்ள ஒருவருக்கு, மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவில் வீட்டிலேயே ஆக்சிசன் செலுத்தும் மருத்துவ முறையாகும். ஆக்சிசன் தமிழில் உயிர்வளி எனவும், இலங்கை வழக்கில் ஒட்சிசன் எனவும் அழைக்கப்படுகிறது. இச்சிகிச்சையில் ஆக்சிசன் ஒரு மருந்தாகும். ஏனைய மருந்துகளைப் போலவே இதற்கும் அளவு, கால அளவு, பக்க விளைவு ஆகியவை உண்டு. மருத்துவமனையில் செவிலியர் செய்யும் கண்காணிப்பை வீட்டில் குடும்பத்தினரே செய்ய வேண்டியுள்ளது. எனவே அளவு மிகுதல், தீ விபத்து, மின்தடை ஆகிய மூன்றையும் அவர்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் இன்றியமையாதது.

யாருக்குத் தேவைப்படுகிறது

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் நார்த்திசுப் பெருக்கம், காசநோய் குணமான பின் எஞ்சும் நுரையீரல் சேதம், கல் உடைக்கும் தொழிலாளர்களைத் தாக்கும் சிலிக்கா தூசு நோய் போன்றவை இச்சிகிச்சை தேவைப்படும் முக்கிய நோய்கள் ஆகும். அடைப்பு நோய்க்குப் புகைபிடித்தல் முதன்மைக் காரணம். பல ஆண்டுகள் விறகு அடுப்புப் புகையைச் சுவாசித்த பெண்களிடமும் இந்நோய் காணப்படுகிறது.

நோய் ஓரளவு அடங்கியிருக்கும் காலத்தில், ஓய்வு நிலையில், தமனிக் குருதியில் ஆக்சிசனின் அழுத்தம் 55 மி.மீ. பாதரசம் அல்லது அதற்குக் கீழ் இருந்தாலோ, ஆக்சிசன் செறிவு 88 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ் இருந்தாலோ நீண்டகால ஆக்சிசன் பரிந்துரைக்கப்படுகிறது. இதய வலப்பக்கச் செயலிழப்பு அல்லது சிவப்பணு மிகுதி உள்ளவர்களுக்கு 56 முதல் 59 மி.மீ. வரை இருந்தாலும் பரிந்துரைக்கப்படலாம். இவர்கள் நாள் ஒன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிசன் எடுத்துக்கொள்ள வேண்டும். மூச்சிரைக்கும்போது மட்டும் பத்து நிமிடம் வைத்து எடுப்பதால் இச்சிகிச்சையின் முழுப் பயன் கிடைப்பதில்லை.

வரலாறு

1960களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் மருத்துவர் தாமஸ் பெட்டியும் அவருடைய குழுவினரும், எடுத்துச் செல்லக்கூடிய ஆக்சிசன் கருவிகளுடன் நோயாளிகளை நடமாடச் செய்து ஆராய்ந்தனர். இச்சிகிச்சை ஆயுளை நீட்டிக்கிறது என்பது இரண்டு ஆய்வுகளால் நிறுவப்பட்டது. 1980இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில் 203 பேர் பங்குபெற்றனர். இரவில் மட்டும் ஆக்சிசன் பெற்றவர்களைவிட, ஏறத்தாழ நாள் முழுவதும் பெற்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. 1981இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிசன் பெற்ற 42 பேரில் 19 பேரும், பெறாத 45 பேரில் 30 பேரும் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தனர்.

ஆக்சிசன் குறைவு மிதமாக உள்ள 738 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இச்சிகிச்சையால் இறப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. எனவே யாருக்குத் தேவை என்பதைச் சோதனை செய்தே முடிவு செய்ய வேண்டும்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவில் கோவிட் இரண்டாம் அலையின்போது கடும் ஆக்சிசன் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது பல குடும்பங்கள் ஆக்சிசன் செறிவாக்கிகளைத் தாமே வாங்கின. அவற்றைப் பின்னர் வேறு நோயாளிகளுக்குப் பயன்படுத்துவோர், இயந்திரம் தரும் ஆக்சிசனின் தூய்மையை முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கருவிகள்

ஆக்சிசன் செறிவாக்கி

வழக்கில் கான்சென்ட்ரேட்டர் எனப்படும் இக்கருவி மின்சாரத்தில் இயங்குகிறது. காற்றில் ஏறக்குறைய 78 விழுக்காடு நைட்ரசனும் 21 விழுக்காடு ஆக்சிசனும் உள்ளன. கருவி அறைக் காற்றை அழுத்தி, சியோலைட் என்னும் கனிமம் நிரப்பிய கலத்தினுள் செலுத்துகிறது. சியோலைட் நைட்ரசனைப் பிடித்துக்கொள்ள, ஆக்சிசன் வெளிவருகிறது. ஒரு கலம் நிறைந்ததும் காற்று மற்றொரு கலத்திற்கு மாற்றப்பட்டு, முதற்கலத்தின் நைட்ரசன் வெளியேற்றப்படுகிறது. கருவியிலிருந்து சீரான இடைவெளியில் கேட்கும் 'புஸ்' என்ற ஒலி இதனால் உண்டாவதே.

நல்ல நிலையில் உள்ள கருவி 90 முதல் 96 விழுக்காடு தூய்மையுள்ள ஆக்சிசனைத் தருகிறது. நிமிடத்திற்கு 5 லிட்டர், 10 லிட்டர் திறனுள்ளவை பரவலாகக் கிடைக்கின்றன. சியோலைட் ஈரத்தால் கெட்டால் ஓட்டம் மாறாமலே தூய்மை மட்டும் குறையும். குமிழி ஏறி நிற்பதைப் பார்த்து இதை அறிய இயலாது. ஆகவே தூய்மை குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு உள்ள கருவியே ஏற்றது.

ஆக்சிசன் உருளை

உருளை அல்லது சிலிண்டரில் ஆக்சிசன் உயர் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் மருத்துவ ஆக்சிசன் உருளையின் உடல் கருப்பாகவும் தோள்பகுதி வெள்ளையாகவும் இருக்கும். முழுவதும் கருப்பாக உள்ளது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கானது. வீடுகளில் பயன்படும் இருவகை உருளைகள்:

பி வகை: ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிசன் கொண்டது. நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் சுமார் 12 மணி நேரம் வரும்.

டி வகை: ஏறத்தாழ 7,000 லிட்டர் கொண்டது. அதே வீதத்தில் சுமார் 58 மணி நேரம் வரும்.

உருளையில் மீதமுள்ள அளவை எளிதாகக் கணக்கிடலாம். அழுத்தமானி காட்டும் அழுத்தத்தை (பார் அலகில்) உருளையின் நீர்க் கொள்ளளவால் பெருக்க வேண்டும். பி வகையின் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். அழுத்தம் 60 பார் எனில் 600 லிட்டர் மீதமுள்ளது. நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் அது 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம் வரும்.

மூக்குக் குழாயும் ஓட்டமானியும்

பெரும்பாலோர் இரு முனையுள்ள மூக்குக் குழாய் வழியாகவே ஆக்சிசன் பெறுகின்றனர். ஓட்டம் ஒரு லிட்டர் கூடும்போது, உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிசனின் பங்கு தோராயமாக 4 விழுக்காடு உயர்கிறது. 1 லிட்டருக்குச் சுமார் 24, 2 லிட்டருக்குச் சுமார் 28 விழுக்காடு ஆகும். ஓட்டமானி செங்குத்தாக இருக்க வேண்டும். கண்மட்டத்தில் வைத்து, பந்தின் நடுப்பகுதி எக்கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆக்சிசன் மிகுவதால் ஏற்படும் ஆபத்து

வீடுகளில் அதிகம் நிகழும் பிழை, மூச்சிரைப்பைக் கண்டு ஓட்டத்தைக் கூட்டிவிடுவதாகும். மூச்சிரைப்பும் ஆக்சிசன் குறைவும் ஒன்றல்ல. ஆக்சிசன் அளவு போதுமானதாக உள்ளபோதும் மூச்சிரைப்பு இருக்கலாம். அத்தகைய 239 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், மூக்குக் குழாய் வழியே ஆக்சிசன் பெற்றவர்களுக்கும் வெறும் அறைக் காற்றைப் பெற்றவர்களுக்கும் மூச்சிரைப்புத் தணிவில் வேறுபாடு காணப்படவில்லை. முகத்தில் படுமாறு சிறு விசிறியால் வீசுதல், சற்று முன்சாய்ந்து அமர்தல், உதடுகளைக் குவித்து மெதுவாக மூச்சு விடுதல் ஆகியவை இந்நிலையில் உதவும்.

அடைப்பு நோயாளிகள் சிலரது உடலில் கரியமில வாயு தேங்கும் இயல்பு உள்ளது. இவர்களுக்கு அளவுக்கு மீறி ஆக்சிசன் தரும்போது, நுரையீரலின் கெட்ட பகுதிகளுக்கும் குருதி திருப்பப்படுவதாலும், சுவாசத் தூண்டல் குறைவதாலும் கரியமில வாயு மேலும் தேங்குகிறது. காலைத் தலைவலி, பகலில் அடக்க முடியாத தூக்கம், குழப்பமான பேச்சு, நீட்டிய கைகள் படபடத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். நோயாளி 'நிம்மதியாகத் தூங்குகிறார்' என்று குடும்பத்தினர் எண்ணும் நேரத்தில் அவர் மயக்க நிலைக்குச் சென்றுகொண்டிருக்கக் கூடும். அப்போதும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நல்ல எண்ணையே காட்டும், ஏனெனில் அது கரியமில வாயுவை அளப்பதில்லை.

ஆத்திரேலியாவின் தாசுமேனியாவில் 405 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், ஆம்புலன்சில் அதிக ஓட்டத்தில் ஆக்சிசன் பெற்றவர்களில் 9 விழுக்காட்டினரும், செறிவு 88 முதல் 92க்குள் நிற்குமாறு அளந்து பெற்றவர்களில் 4 விழுக்காட்டினரும் இறந்தனர். கரியமில வாயு தேங்கும் வாய்ப்புள்ளவர்களுக்கு இந்த 88 – 92 என்ற எல்லையே குறிக்கப்படுகிறது. ஏனையோருக்கு எல்லை வேறுபடும். எனவே ஓய்வு, நடை, தூக்கம் ஆகிய மூன்று நிலைகளுக்கும் உரிய ஓட்டத்தையும், செறிவின் மேல், கீழ் எல்லைகளையும் மருத்துவரிடம் எழுதி வாங்கி, கருவியின் அருகில் ஒட்டி வைத்தல் நலம்.

இதற்கு அஞ்சி ஆக்சிசனை நிறுத்திவிடுவதும் தவறு. மிகக் குறைந்த ஆக்சிசனும் உயிரைப் பறிக்கக் கூடியதே.

தீப் பாதுகாப்பு

ஆக்சிசன் தானாக எரிவதில்லை. பிற பொருட்கள் எரிவதற்குத் துணைபுரிகிறது. ஆக்சிசன் செறிந்த துணி, தலைமுடி, படுக்கை ஆகியவை சிறு பொறியிலும் பற்றிக்கொண்டு மிக வேகமாக எரியும். மூக்குக் குழாயுடன் பீடியோ சிகரெட்டோ பற்ற வைத்தால் முகமும் மூச்சுக் குழலும் தீப்புண் அடையும்.

* வீட்டினுள் எவரும் புகைபிடித்தல் கூடாது. குழாயைக் கழற்றிய பின்னும் ஆடையில் ஆக்சிசன் தங்கியிருக்கும். தீயின் அருகே செல்லும் முன் குறைந்தது 20 நிமிடம் காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும்.
* எரிவாயு அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம், கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 3 மீட்டர் விலகியிருக்க வேண்டும். பூசை விளக்கை வேறு அறைக்கு மாற்றலாம். நோயாளி ஆக்சிசனுடன் சமைத்தல் கூடாது.
* மூக்கு வறண்டால் பெட்ரோலியக் களிம்பு, தைலம், எண்ணெய் ஆகியவற்றைத் தடவக் கூடாது. நீர் அடிப்படையிலான களிம்பைப் பயன்படுத்தலாம்.
* எண்ணெய்க் கையுடன் உருளையின் வால்வையோ ரெகுலேட்டரையோ தொடக் கூடாது. இணைப்புகளுக்கு எண்ணெயோ கிரீசோ இடக் கூடாது. வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும்.
* ஓட்டத்தை நிறுத்தாமல் மூக்குக் குழாயைப் படுக்கையில் போட்டு வைக்கக் கூடாது.
* உருளையைச் சுவரோடு சங்கிலியால் கட்டியோ தள்ளுவண்டியில் பொருத்தியோ நிறுத்த வேண்டும். சாய்ந்து வால்வு உடைந்தால் அது எறிகணை போலப் பாயும்.

குழாயில் பற்றிய தீ கருவியை நோக்கிப் பரவும்போது ஓட்டத்தை அடைக்கும் தீத்தடுப்பான் என்னும் சிறு பாகத்தையும் குழாயில் பொருத்திக்கொள்ளலாம்.

மின்சாரமும் மாற்று ஏற்பாடும்

5 லிட்டர் செறிவாக்கி ஏறத்தாழ 350 வாட் மின்சாரம் எடுக்கும். 15 மணி நேரத்திற்கு இது சுமார் 5.25 யூனிட் ஆகும். இரு மாதக் கணக்கில் 315 யூனிட் கூடும். இச்செலவை முதலிலேயே கணக்கில் கொள்ளாத குடும்பங்கள், பின்னர் நேரத்தைக் குறைத்து இயக்கிச் சிகிச்சையின் பயனை இழக்கக் கூடும்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலத்துடன் கூடிய வீட்டு இன்வெர்ட்டரில் இக்கருவி மட்டும் இயங்கினால் 3 முதல் 4 மணி நேரம் வரலாம். மின்கலம் பழையதானால் இது குறையும். ஆகவே இன்வெர்ட்டர் இருந்தாலும் நிரப்பிய உருளை ஒன்று, ரெகுலேட்டர் பொருத்தி, திறக்கும் சாவியுடன் தயாராக இருக்க வேண்டும். அதை இயக்க வீட்டில் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கருவியை நேரடியாகச் சுவர்ச் செருகியில் இணைக்க வேண்டும். பல கருவிகள் செருகிய நீட்டிப்புப் பலகை சூடேறித் தீப்பிடிக்கலாம்.

அன்றாடப் பராமரிப்பு

ஈரப்பதக் குப்பியில் காய்ச்சி வடித்த நீரையோ, கொதிக்க வைத்து ஆறிய நீரையோ குறியிட்ட அளவு வரை ஊற்ற வேண்டும். நாள்தோறும் பழைய நீரைக் கொட்டிக் குப்பியைக் கழுவ வேண்டும். நீரை மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போனால் கிருமிகள் பெருகும். கருவியின் காற்று வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி, முழுவதும் உலர்த்திப் பொருத்த வேண்டும். மூக்குக் குழாயை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும், சளிக் காய்ச்சல் வந்து போன பின்னும் மாற்ற வேண்டும். காதின் பின்புறம் குழாய் உரசிப் புண்ணாகிறதா என்றும் பார்க்க வேண்டும். கருவியைச் சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும்.

கண்காணிப்பு

பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படைத் தத்துவத்தைச் சப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். இக்கருவியில் இரண்டு, மூன்று விழுக்காடு பிழை இயல்பானது. குளிர்ந்த விரல், நகப்பூச்சு, கருமையான மருதாணி, அசைவு ஆகியன பிழையைக் கூட்டும். கருத்த தோலுள்ளவர்களுக்கு உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று தெரிவித்தது.

அளவு திடீரெனக் குறைந்தால் முதலில் நோயாளியையும், பின்னர் குழாயையும், இறுதியாகக் கருவியையும் பார்க்க வேண்டும். குழாய் மடங்கியிருக்கலாம், கட்டிற்காலின் கீழ் சிக்கியிருக்கலாம், ஈரப்பதக் குப்பியின் மூடி சரியாகப் பொருந்தாதிருக்கலாம். மூக்கு முனைகளை ஒரு குவளை நீரில் வைத்தால், ஓட்டம் இருப்பின் குமிழிகள் தோன்றும். குமிழி இல்லையெனில் உடனே உருளைக்கு மாற வேண்டும்.

உதடு நீலமாதல், ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமை, குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவை அவசர அறிகுறிகள். தமிழகத்தில் 108, இலங்கையில் 1990 ஆகிய எண்களில் ஆம்புலன்சை அழைக்கலாம். வருபவரிடம் நோயாளிக்குக் குறிக்கப்பட்ட செறிவு எல்லையைத் தெரிவிக்க வேண்டும்.

பயணம்

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் நான்கில் மூன்று பங்கே. விமான அறையின் அழுத்தமும் 8,000 அடி உயரத்திற்கு ஒப்பான நிலை வரை இறங்கலாம். ஆகவே மலைப் பயணத்திற்கும் விமானப் பயணத்திற்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். விமானத்தில் சொந்த உருளை ஏற்கப்படுவதில்லை. ஒப்புதல் பெற்ற கையடக்கச் செறிவாக்கிக்கு விமான நிறுவனத்திடம் முன் அனுமதி பெற வேண்டும்.

தவறான எண்ணங்கள்

'ஆக்சிசன் வைத்தாலே கடைசிக் காலம்' என்ற எண்ணத்தால் பலர் சிகிச்சையைத் தள்ளிப் போடுகின்றனர். மேற்கூறிய 1980, 1981 ஆய்வுகள் இதற்கு மாறாக, தேவையுள்ளோரின் ஆயுளை ஆக்சிசன் நீட்டிப்பதைக் காட்டின. 'உடல் அதற்குப் பழகிவிடும்' என்பதும் சரியன்று. ஆக்சிசன் போதை தரும் பொருள் அன்று. செறிவாக்கி அறையிலுள்ள ஆக்சிசனைத் தீர்த்துவிடும் என்ற அச்சமும் தேவையற்றது. சாதாரணக் காற்றோட்டமே அதை ஈடுசெய்யப் போதுமானது.

இவற்றையும் பார்க்க

* ஆக்சிசன்
* நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்
* பல்ஸ் ஆக்சிமீட்டர்
* சியோலைட்டு
* சிலிக்கா தூசு நோய்