ஃபாரெஸ்ட் நகரில் ஒரு பிள்ளை: ஆட்டிச வரலாற்றின் முதல் ஏடு

திருச்சபை வரலாற்றைப் பேராயர்களின் வரலாறாகவும் மாமன்றங்களின் வரலாறாகவும் கற்றே நாம் பழகியிருக்கிறோம். ஆராதனை நடுவே இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளைக்கும், அப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து வெளியேறும் தாய்க்கும் அவ்வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. எனினும் ஒரு சபை எத்தகையது என்பதை அதன் தீர்மானங்களைக் காட்டிலும் அந்தத் தாய் மறுவாரம் திரும்பி வருகிறாளா என்பதே நன்கு உணர்த்தும். இக்கட்டுரையில் அமெரிக்க நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒரு பிள்ளை வளர்க்கப்பட்ட வரலாற்றை ஆராய விழைகிறோம்.

ஆட்டிசம் என்பதைத் தமிழில் மனஇறுக்கம் என வழங்குவோர் உளர். பெயர் எதுவாயினும், இது மனத்தை வேண்டுமென்றே இறுக்கி மூடிக்கொள்ளும் நோயன்று; மூளை வளர்ச்சியில் பிறப்பிலிருந்தே அமையும் வேறுபாடு என்பதே இன்றைய அறிவியலின் துணிபு. மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்னும் மருத்துவர் 1925-இலேயே இத்தகைய பிள்ளைகளைக் குறித்து எழுதினார். ஆயினும் 1943-இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சார்ந்த லியோ கானர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையே உலகின் கவனத்தை ஈர்த்தது. அப்பதினொருவருள் முதலாவதாக விவரிக்கப்பட்டவர் டொனால்ட் டிரிப்லெட்.

1. விடுதியும் வீடும்

டொனால்ட் 1933-இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரெஸ்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், தாய் ஆசிரியப் பணி புரிந்தவர். பிள்ளை தனிமையையே நாடியது. பாத்திரங்களையும் மரக்கட்டைகளையும் சுழலவிட்டு மகிழ்ந்தது. பெற்றோர் வருவதையும் போவதையும் பொருட்படுத்தவில்லை. அன்றாட ஒழுங்கு சற்றே குலைந்தாலும் கொதித்தெழுந்தது.

1937-இல், நான்கு வயது நிரம்புமுன், மருத்துவ ஆலோசனையின்படி அப்பிள்ளை காசநோய்த் தடுப்பு விடுதி ஒன்றில் விடப்பட்டது. பெற்றோர் மாதம் இருமுறை மட்டுமே காண அனுமதி உண்டு. அங்கே பிள்ளை அசைவற்று, எதையும் கவனியாமல் அமர்ந்திருந்தது எனக் கானர் பதிவு செய்கிறார். இத்தகைய பிள்ளைகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடுவதே நலம் என்று படித்தோரும் நம்பிய காலம் அது. ஓராண்டளவில் பெற்றோர் அந்நம்பிக்கையை மீறினர். விடுதித் தலைவரின் விருப்பத்துக்கு மாறாகப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். அதன்பின் தந்தை 33 பக்கங்களில் பிள்ளையின் இயல்புகளைத் தட்டச்சு செய்து கானருக்கு அனுப்பினார். ஆட்டிசம் பற்றிய மருத்துவ அறிவின் முதல் ஏடு, தன் பிள்ளையைக் கூர்ந்து நோக்கிய ஒரு தகப்பனின் கடிதம் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

2. வினாவும் விடையும்

அருட்பணியாளராகிய நமக்கு அப்பதிவில் இரு செய்திகள் சிறப்பாகக் கருதத்தக்கன. மூன்று வயது எட்டுமுன்பே டொனால்ட் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை ஒப்புவித்தார். பிரஸ்பிட்டேரியன் வினாவிடைப் போதனையில் 25 வினாக்களையும் விடைகளையும் மனப்பாடமாகச் சொன்னார். ஆனால், பாட்டின் அடிகளைப் பற்றியவை தவிர, பிறர் கேட்கும் வினாவுக்கு விடையளிக்க அவருக்குத் தெரியவில்லை. தாமாக வினா எழுப்பவும் இல்லை. ஞானோபதேச விடைகளைப் பிழையின்றிச் சொல்வதைக் கொண்டே திடப்படுத்தலுக்கு ஆயத்தம் என்று தீர்மானிக்கும் நம் வழக்கத்தை இது கேள்விக்குள்ளாக்குகிறது. விடை சொல்லும் பிள்ளை விசுவாசி என்றால், விடை சொல்ல இயலாத பிள்ளை யார்?

மற்றொரு செய்தி இதற்கு ஒளி தருகிறது. ஒருநாள் தந்தை, தோள்மேல் தூக்கிக்கொள்ளவா என்று கேட்டு, விருப்பமானால் "ஆம்" என்று சொல்லுமாறு கற்பித்தார். பிள்ளை "ஆம்" என்றது. அன்றுமுதல் நெடுநாள் வரை அப்பிள்ளைக்கு "ஆம்" என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது: என்னைத் தோளில் தூக்கிக்கொள்ளும் என்பதே அது. கானர் இதனைச் சொற்பொருளை நெகிழ்த்திக் கொள்ள இயலாமைக்குச் சான்றாகக் காட்டினார். அது சரியே. எனினும், சொல்லைக் காட்டிலும் ஆழமான உறவு ஒன்று அதனுள் அடங்கியிருப்பதை இறையியல் பயில்வோர் காணத் தவறலாகாது. வாயின் அறிக்கைக்கு முன்னரே தோளின் நெருக்கம் இருந்தது. குழந்தைத் திருமுழுக்கு வழங்கும் சபைகள் அருளின் முந்துநிலையைப் பற்றிக் கூறிவருவதும் இதுவே அன்றோ?

3. சோளக்கொல்லைக் கல்வி

1942-இல் டொனால்ட் ஊரிலிருந்து ஏறத்தாழ பத்து மைல் தொலைவிலிருந்த ஓர் உழவர் தம்பதியரிடம் வாழ அனுப்பப்பட்டார். 1945-இல் நேரில் கண்ட கானர், அவர்களது ஞானத்தை வியந்து எழுதியுள்ளார். அளப்பதில் பிள்ளைக்கு அடங்கா விருப்பம். எனவே கிணறு தோண்டி அதன் ஆழத்தை அளந்து சொல்லும் பணியை அளித்தனர். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவற்றுக்கென ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு இடம் ஒதுக்கினர். சோளப் பயிரின் வரிசைகளை ஓயாது எண்ணினார். உழுதுகொண்டே எண்ணுமாறு ஏரைக் கையில் கொடுத்தனர். அருகிருந்த நாட்டுப்புறப் பள்ளியும் அவரது விநோதங்களைப் பொறுத்து ஏற்றுக்கொண்டது.

இத்தம்பதியர் உளவியல் கற்றவரல்லர். பிள்ளையின் இயல்பை ஒடிக்க முயலாமல், அதற்கு ஒரு பயனும் எல்லையும் கொடுத்தனர். எதையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது ஏற்றல் ஆகாது என்பது இங்கே விளங்கும்.

அதே 1942-இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில், கடும் மனவளர்ச்சிக் குறைவுள்ள பிள்ளைகளைக் கருணைக்கொலை செய்யலாம் என ஃபாஸ்டர் கென்னடி என்னும் நரம்பியல் வல்லுநர் வாதிட்டார். அதனை அவ்விதழிலேயே எதிர்த்து எழுதியவர் கானர். ஜெர்மனியிலோ இத்தகையோரை அரசே கொன்றுகொண்டிருந்தது. பவுல் பிரௌனே என்னும் போதகர் 1940-இல் அரசுக்கு எதிர்ப்பு மனு அளித்துச் சிறைப்பட்டார். பிள்ளைக்கு உழ ஏர் கொடுத்த செயலும், வாழ உரிமையில்லை என்ற வாதமும் ஒரே காலத்தன என்பதை மறவாதிருப்போம்.

4. குற்றம் யாருடையது?

கானரின் பணியில் ஒரு கரும்புள்ளியும் உண்டு. பெற்றோரின் குளிர்ந்த மனமே இந்நிலைக்குத் துணைபோகிறது என்னும் பொருள்பட அவர் எழுதினார். புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூலினால் அக்கருத்து பொதுமக்களிடையே பரவிற்று. எண்ணற்ற தாய்மார் தம் அன்புக் குறைவே பிள்ளையை இவ்வாறு ஆக்கிற்று என்று நம்பி நொந்தனர்.

இதனை எதிர்த்தவர் ஆட்டிசப் பிள்ளை ஒன்றின் தந்தையாகிய பெர்னார்ட் ரிம்லண்ட். 1964-இல் அவர் வெளியிட்ட நூல், காரணம் உடலியல் சார்ந்தது என வாதிட்டது. அதற்கு முன்னுரை வழங்கியவர் கானரே. 1969-இல் பெற்றோர் கூட்டமொன்றில் கானர் பெற்றோரைக் குற்றத்தினின்று விடுவிப்பதாக வெளிப்படையாக அறிவித்தார். இரட்டையரை ஆராய்ந்து 1977-இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் ஆகியோர் வெளியிட்ட முடிவு, மரபணுவின் பங்கை நிலைநாட்டிற்று.

யார் செய்த பாவம் என்று சீடர் கேட்ட பழைய கேள்வியே மருத்துவ மொழியில் மீண்டும் கேட்கப்பட்டது எனலாம். ஆண்டவர் யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் அக்கேள்வியையே தள்ளிவிட்டார். நம் சபைகளிலோ முன்னோர் சாபம், கருவுற்ற காலத்துக் குறை, விசுவாசக் குறைவு என அது இன்றும் உலவுகிறது. மருத்துவர் தம் கூற்றைத் திரும்பப் பெற்ற பின்னும் போதகர் அதனைப் பற்றிக்கொண்டிருப்பது தகுமோ?

5. ஊர் காத்த பிள்ளை

டொனால்ட் ஃபாரெஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் பயின்று, 1958-இல் மில்சாப்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஊர் வங்கியில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பணியில் இருந்தார். 27-ஆம் வயதில் கார் ஓட்டக் கற்றார், கோல்ஃப் ஆடினார், முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளைத் தனியாகவே சுற்றிவந்தார். 1980-இல் தந்தையும் 1985-இல் தாயும் மறைந்த பின்னரும் அவர் வாழ்வு குலையவில்லை. பெற்றோர் தமக்குப் பின் அவரது வாழ்வுக்கென ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தியிருந்தனர். 2023 ஜூன் மாதம் 89-ஆம் வயதில் காலமானார்.

உயர்நிலைப் பள்ளிச் சுவரின் செங்கற்களை ஒரு நோக்கில் எண்ணிச் சொன்னார் என்பது ஊரார் போற்றிய கதை. முதுமையில் இரு பத்திரிகையாளர் அதுபற்றி வினவியபோது, அந்த எண்ணைத் தாமே புனைந்து சொன்னதாக அவர் ஒப்புக்கொண்டார். அம்மாணவர்கள் தம்மை நன்கு மதிக்கவேண்டும் என்பதே காரணம். தனிமையையே விரும்புவோர் என நாம் முத்திரையிடுவோருக்கும் தோழமை வேட்கை உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? அப்பத்திரிகையாளரிடம் ஊரார் சிலர், அவருக்குத் தீங்கு நேர்ந்தால் உங்களை விடமாட்டோம் எனத் தனித்தனியே எச்சரித்தனராம்.

6. இவ்வரலாற்றின் எல்லை

இதனை நாம் இனிய கதையாக்கிவிடலாகாது. அக்குடும்பம் செல்வமும் செல்வாக்கும் உடையது. வங்கியே தாய்வழிக் குடும்பத்தார் பங்குகொண்டு நிறுவியது. அதே மிசிசிப்பியில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளியே தனியாக இருந்தது; அவர்களுள் இத்தகைய பிள்ளை ஒன்று பால்டிமோர் வரை சென்றிருக்க இயலாது. 1971-இல் கானர் தம் பதினொருவரையும் மீண்டும் தேடி ஆராய்ந்தபோது, அரசு மனநல விடுதிகளில் அடைபட்டோர் இருந்த ஒளியையும் இழந்திருந்தனர். அத்தகைய விடுதியில் சேர்ப்பது ஆயுள் தண்டனைக்கு ஒப்பாகும் என அவர் வருந்தினார்.

எனவே டொனால்ட் பெற்றது அற்புத சுகமன்று. இறுதிவரை அவர் ஆட்டிசம் உடையவராகவே வாழ்ந்தார். வீடு, பொறுமையுள்ள ஆசான், பள்ளி, வேலை, அறிமுகமான தெரு ஆகியவையே அவர் பெற்றவை. செல்வத்தால் அவருக்குக் கிட்டிய இவற்றை ஏழைப் பிள்ளைக்கு யார் அளிப்பது? இந்திய நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. சட்டம் உரிமையை வழங்கும், தோழமையை வழங்காது.

முடிவுரை

உடலின் பலவீனமான உறுப்புகளே மிகவும் தேவையானவை எனக் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அதனைச் செயலாக்க, நம் சபைகளில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்கலாம். எழுந்து உலவும் பிள்ளைக்கு ஓரிடம் விடலாம். ஓய்வுநாள் பள்ளியில் அப்பிள்ளைக்கென ஒருவரை அமர்த்தலாம். மனப்பாடத் தேர்வின்றித் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்த வழி காணலாம். பெற்றோரின் காலத்துக்குப் பின் அப்பிள்ளையை யார் பார்ப்பார் என்ற கேள்வியைச் சபைக் கமிட்டியின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாம். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. ஃபாரெஸ்ட் ஊரின் உழவருக்கு இருந்த நிதானமும், இவன் நம்முடையவன் என்று சொல்லும் துணிவுமே தேவை. அவ்விரண்டையும் நாம் நாடுவோமாக.