ஒரு குழாய், ஒரே உப்பு: திருப்பூர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கடந்து வந்த பாதை

திருப்பூர் சாயத் தொழிலின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பற்றி எழுத உட்காரும் எவரும் நொய்யலில் இருந்துதான் தொடங்க வேண்டும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் இந்த ஆற்றின் கரைகளிலும் ஓடைகளிலும்தான் நம் பட்டறைகள் முளைத்தன. பனியன் ஏற்றுமதி ஏற ஏற, சாயப்பட்டறைகளும் பெருகின.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராமுக்கு மேலும் போகும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடுகிறது. உப்போ போட்டது போட்டபடி கழிவுநீரோடு வெளியே வந்துவிடுகிறது. 1990களின் இறுதியில் கட்டப்பட்ட முதல் பொது நிலையங்கள் சுண்ணாம்பும் ரசாயனமும் சேர்த்து நிறத்தைப் படிய வைத்தன. தண்ணீர் பார்வைக்குத் தெளிந்தது, ஆனால் உப்பு அப்படியே போய்க்கொண்டிருந்தது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அதற்குக் கீழே கிணறுகள் உவர்த்தன, தென்னைகள் காய்ந்தன. சாயத் தொழில்காரர்களான நம் விழா மலரில் இதை நாமே அச்சிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று காலக்கெடு விதித்தது. அதுவரை வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசா கணக்கில் அபராதம். 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த விவசாயிகள் விடாப்பிடியாக நின்றிருக்காவிட்டால் இன்று நாம் பெருமையோடு காட்டும் எந்த இயந்திரமும் இங்கே வந்திருக்காது. விழா மேடையில் அவர்களுக்கும் ஓர் இருக்கை போட வேண்டும்.

இடைப்பட்ட ஆண்டுகளில் பல கோடி செலவில் ஆர்.ஓ. சவ்வுகளும் எவாப்பரேட்டர்களும் வாங்கினோம். சவ்வு நல்ல தண்ணீரைப் பிரித்துக் கொடுத்தது. மிஞ்சிய கெட்டிக் கழிவை எவாப்பரேட்டர் காய்ச்சித் தீர்க்க வேண்டும். அது நினைத்த வேகத்தில் ஓடவில்லை. குழாய்களில் உப்பு படிந்தது, விறகுச் செலவு ஏறியது, கழிவு தேங்கியது. 2011 ஜனவரி 28 அன்று எல்லாப் பட்டறைகளையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணி லாரி ஏறி வெளி மாநிலங்களுக்குச் சாயமேற்றப் போனது. தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். திருப்பூர் அதற்கு முன் அப்படியொரு அமைதியைக் கண்டதில்லை.

மாற்றம் வந்த வழி இதுதான்: உப்புக் கரைசலை முழுக்கக் காய்ச்சித் தீர்க்காமல், சுத்தம் செய்து, மறுபடி சாயமேற்றவே எடுத்துக்கொள்வது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அது நடைமுறையில் நிரூபிக்கப்பட்டது. தமிழக அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்துக் கை கொடுத்தது.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. என்னைப் பொறுத்தவரை நம் நிலையங்களின் வரலாற்றில் மையமான விஷயம் அதுதான். சாயமேற்றப் பயன்படும் இன்னொரு உப்பான சோடியம் சல்ஃபேட்டின் கரைசலைக் குளிரவைத்தால் உப்பு தனியே படிகமாகிப் பிரிந்துவிடும். சாதாரண உப்பு அப்படிப் பிரியாது. சூட்டிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒரே அளவு கரைந்தே கிடக்கும். இரண்டும் கலந்தால் கடைசியில் கிடைப்பது யாருக்கும் உதவாத கலப்பு உப்பு. ஆகவே ஒரு நிலையத்தின் குழாயில் இணைந்த அத்தனை பட்டறைகளும் சல்ஃபேட்டுக்கு மாற வேண்டியிருந்தது. விலை குறைவு என்று ஒரே ஒருவர் சாதா உப்பைப் போட்டால், அடுத்தவருக்குத் திரும்பி வரும் கரைசலும் கெட்டுப் போகும்.

அதுவரை ஒரே ஆர்டருக்காகக் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துப் போட்டி போட்டவர்கள் நாம். எந்த உப்பு, எவ்வளவு, எத்தனை லிட்டர் கழிவு என்பதெல்லாம் பட்டறை ரகசியமாக இருந்தது. இப்போது ஒவ்வொரு பட்டறையின் வாசலிலும் மீட்டர். ஒதுக்கிய அளவுக்கு மேல் ஒரு லிட்டர்கூட அனுப்ப முடியாது. கழிவுநீரின் உப்பளவைச் சோதித்து ஏடு எழுதுகிறார்கள், அந்த ஏட்டை உறுப்பினர் எவரும் பார்க்கலாம். இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். இந்த ஒப்புதலைப் பெறக் கூட்டம் கூட்டமாகப் பேச வேண்டியிருந்தது. வாரக் கணக்கில் தன் பட்டறை வேலையை ஒதுக்கிவிட்டுச் சக தொழில்காரரின் வாசலில் போய் நின்ற நிர்வாகக் குழுக்களைத்தான் நான் தலைவர்கள் என்பேன்.

சாய மாஸ்டர்களின் தயக்கமும் நியாயமானது. திரும்பி வந்த கரைசலில் போட்டால் ஷேடு மாறுமே, பையர் லாட்டையே திருப்பிவிடுவாரே என்ற பயம். லேப் டிப் என்னும் சிறு மாதிரிச் சாயமேற்றம் செய்து, புது உப்பில் சாயமேற்றிய துண்டையும் பழைய கரைசலில் ஏற்றிய துண்டையும் வெளிச்சப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் அது தணிந்தது. ஆர்.ஓ. தண்ணீர் கடினத்தன்மை இல்லாதது என்பதால், சாஃப்ட்னருக்கென்று தனியாக உப்பு போடும் வேலையும் குறைந்தது. டேங்கர் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த ஊரில், போட்ட தண்ணீரின் பெரும்பகுதி மறுநாளே குழாயில் திரும்பி வருகிறது.

மிச்சமிருக்கும் வேலையும் சிறிதல்ல. எவாப்பரேட்டர் கொதிகலன்கள் இன்னும் விறகைத் தின்கின்றன. சேற்றுக் கழிவைச் சிமென்ட் ஆலைகள் எடுத்துக்கொள்கின்றன, கலப்பு உப்பை எடுக்க ஆளில்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. பசுமைச் சான்றிதழ் கேட்கும் வெளிநாட்டு பையர்கள் அதற்கான செலவில் பங்கு தருவதில்லை. சங்கங்கள் ஒன்றாகப் பேசினால்தான் அந்தப் பங்கு கிடைக்கும். புதிய நிர்வாகக் குழு தன் முதல் கூட்டத்தில் முதலில் எடுக்க வேண்டியது அந்தக் கொட்டகை மூட்டைகளின் கணக்கை.